இணையப் பக்கங்களை வாசித்துத் தகவல் சேர்க்கும் நிரல் மூன்றாம் சுற்றில் தடம் மாறுகிறது: எங்கே தவறினோம்?

கேள்வி: உவர்மலை

அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலை நகரில் உயர்தர மாணவர்களுக்குத் தகவல் தொழினுட்பம் கற்பிக்கிறேன். இவ்வாண்டு ஐந்து மாணவர்கள் சேர்ந்து பைதன் மொழியில் ஒரு நிரல் எழுதியிருக்கிறார்கள். நம் மாவட்டத்தைப் பற்றித் தமிழில் உள்ள இணையப் பக்கங்களைத் தானே வாசித்து, "இன்ன ஊர் இன்ன பிரதேச செயலகப் பிரிவில் உள்ளது", "இன்ன இடத்தை இன்னார் கட்டினார்" என்ற வடிவில் தகவல்களைப் பிரித்தெடுத்து அட்டவணையில் சேர்க்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

மூதூர், கிண்ணியா, குச்சவெளி, தம்பலகாமம், வெருகல், நிலாவெளி, கன்னியா முதலிய பத்து ஊர்ப்பெயர்களை விதையாகக் கொடுத்தோம். நிரல் அப்பெயர்கள் வரும் வாக்கியங்களைத் தேடி, பெயருக்கு முன்னும் பின்னும் அடிக்கடி வரும் சொற்களை ஓர் அச்சாக எடுத்துக்கொள்ளும். அந்த அச்சில் வேறு பெயர் பொருந்தினால் அதையும் ஊராகக் கொள்ளும். அடுத்த சுற்றில் அப்புதிய பெயர்களைக் கொண்டு மேலும் அச்சுகளைத் தேடும்.

முதற் சுற்றில் சம்பூர், ஈச்சிலம்பற்று, சாம்பல்தீவு, இறக்கக்கண்டி என்று ஒவ்வொன்றாகத் திரையில் வந்தபோது மாணவர்கள் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. இரண்டாம் சுற்றில், "மூதூரிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் பேருந்து" என்ற வாக்கியத்தை அது அச்சாக்கிக்கொண்டதால், யாழ்ப்பாணமும் வவுனியாவும் கொழும்பும் நம் மாவட்டத்து ஊர்களாகிவிட்டன. மூன்றாம் சுற்றில் "செல்லும் பேருந்து" என்ற அளவுக்கு அச்சு சுருங்கியபோது, "இரவு", "அதிகாலை", "நேரடியாக" ஆகிய மூன்றும் ஊர்ப் பட்டியலில் ஏறி உட்கார்ந்தன. கன்னியாகுமரியும் எங்கிருந்தோ வந்து சேர்ந்துவிட்டது. கட்டியவர்களின் பட்டியலிலோ, கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழையும் உருவாக்கியவர் இராவணன் என்று பதிவாகியிருக்கிறது.

தவறானவற்றைக் கையால் அழித்துவிட்டுத் தொடரலாம்தான். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் நாமே அழிக்க வேண்டியிருந்தால் நிரல் கற்றது என்ன என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுக்குச் சரியான பதில் சொல்ல விரும்புகிறேன். இவ்வழியே தவறா, அல்லது நாங்கள் எதையேனும் விட்டுவிட்டோமா?


பதில்: கொட்டியாரம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். உங்கள் மாணவர்கள் எடுத்த வழி இத்துறையில் நன்கு அறியப்பட்ட வழிதான். 1998இல், கூகிள் நிறுவனர்களில் ஒருவரான சேர்ஜி பிரின், ஐந்தே ஐந்து நூல்களின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் விதையாகக் கொடுத்து, இணையத்திலிருந்து 15,000க்கும் மேற்பட்ட நூல்களின் பட்டியலைத் திரட்டிக் காட்டினார். விதையிலிருந்து அச்சு, அச்சிலிருந்து புதிய விதை என்பதே அவருடைய முறையும். அச்சு சற்றே தளர்வாக இருந்தால் ஒரு பிழையான பெயர் உள்ளே வரும். வந்த பெயர் தனக்கேற்ற அச்சுகளை இழுத்துவரும். அவை மேலும் பிழைகளைக் கொண்டுவரும். வேலியில் ஓர் ஆடு நுழைய விட்ட இடைவெளியில் மந்தையே நுழைவது போன்றது இது. ஆய்வாளர்கள் இதைப் பொருள் விலகல் என்கிறார்கள்.

இதே சிக்கலைப் பெரிய அளவில் எதிர்கொண்டவர்கள் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செல் தலைமையில் இயங்கிய குழுவினர். ஓயாமல் மொழி கற்கும் நிரல் என்ற பொருளுடைய ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு நெல் என்று பெயரிட்டு, 2010 ஜனவரியில் ஓடவிட்டார்கள். நகரம், விளையாட்டு வீரர், பல்கலைக்கழகம் என நூற்றுக்கணக்கான வகைகளையும், ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து எடுத்துக்காட்டுகளையும், ஏறத்தாழ 50 கோடி இணையப் பக்கங்களையும் அதன் முன் வைத்தார்கள். 67 நாள்கள் ஓடியபின் அதனிடம் 242,000க்கும் மேற்பட்ட கூற்றுகள் இருந்தன. அவற்றுள் 74 வீதம் சரியானவை என்று மதிப்பிட்டார்கள். அவ்வளவு வசதிகளோடு இயங்கிய குழுவுக்கே நான்கில் ஒன்று பிழையாக வந்தது என்பதை உங்கள் மாணவர்களுக்கு முதலில் சொல்லுங்கள்.

நெல் தடுமாறிய இடங்களில் ஒன்று பலருக்கும் தெரிந்தது. ஆங்கிலத்தில் குக்கி என்பது தின்னும் பிஸ்கட்டையும் குறிக்கும், உலாவி நம் கணினியில் சேமிக்கும் சிறு கோப்பையும் குறிக்கும். நிரல் இணையக் குக்கிகளை வெதுப்பகப் பண்டங்களோடு சேர்த்துவிட்டது. "குக்கிகளை அழித்தேன்" என்று மக்கள் எழுதுவதைப் பார்த்து, "கோப்புகளை அழித்தேன்" என்ற வாக்கியத்தைக் கண்டதும், கோப்பும் வெதுப்பகப் பண்டமே என்று முடிவு செய்தது. உங்கள் "இரவு" ஊரான கதையும் இதுவும் ஒன்றே. அப்போது மனிதர்கள் தலையிட்டுத் திருத்தினார்கள். ஆகவே கையால் அழிப்பது வெட்கப்பட வேண்டிய செயல் அன்று.

இனி நீங்கள் விட்டது என்ன என்பதற்கு வருகிறேன். உங்கள் நிரலுக்கு "ஊர்" என்ற ஒரே வகைதான் தெரியும். உலகில் வேறு எதுவும் இருப்பதே அதற்குத் தெரியாதபோது, கண்டதையெல்லாம் ஊர் என்று கொள்வதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை. நெல் பல வகைகளை ஒரே நேரத்தில் கற்றது. ஒரு வகையில் சேர்ந்தது எந்தெந்த வகையில் சேரக் கூடாது என்பதும் அதற்குச் சொல்லப்பட்டிருந்தது. நீங்கள் ஊருக்கு விதை இட்டது போலவே பொழுதுக்கும் விதை இடுங்கள்: காலை, மாலை, நண்பகல், இரவு. ஆளுக்கு இடுங்கள், கோவிலுக்கு இடுங்கள், கப்பலுக்கும் இடுங்கள். அப்போது "அதிகாலை" என்ற சொல்லைப் பொழுது என்ற வகை தன் அச்சுகளைக் கொண்டு உரிமை கொண்டாடும். இரண்டு வகைகள் ஒரே சொல்லுக்கு அடித்துக்கொண்டால், நிரல் இரண்டுக்கும் கொடுக்காமல் ஒதுக்கி வைக்க வேண்டும்.

கப்பலை வேண்டுமென்றேதான் சொன்னேன். நம் ஊரின் பெயரைத் தாங்கிய பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்று 1817இல் பம்பாயில் கட்டப்பட்டு, இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்லிபூல் துறைமுகத்தில் அருங்காட்சியகமாக மிதந்துகொண்டிருக்கிறது. வகைகளைப் பிரித்தறியாத நிரல் அதைப் பற்றிய பக்கத்தை வாசித்தால், திருகோணமலை 1817இல் பம்பாயில் கட்டப்பட்டது என்று எழுதிவைக்கும். வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை, வாசித்ததிலும் பிழையில்லை. எந்தத் திருகோணமலை என்று கேட்கத் தெரியாததே பிழை.

தொடர்புகளுக்கும் வகை தேவை. "எந்தப் பிரிவில் உள்ளது" என்ற தொடர்பின் வலப்பக்கத்தில் நம் மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளில் ஒன்றுதான் வரலாம் என்று கட்டிவிடுங்கள். இது மூடிய பட்டியல். நிரல் கற்க வேண்டியதில்லை, நாமே எழுதிக் கொடுத்துவிடலாம். அவற்றுள் "பட்டினமும் சூழலும்" என்பது ஒரே பெயர் என்பதைத் தனியாகக் குறித்துவையுங்கள். இல்லையென்றால் "உம்" வந்த இடத்தில் வெட்டி இரண்டு பிரிவுகளாக்கிவிடும்.

மற்றொன்று, ஒரே வகைச் சான்றை நம்பாதிருப்பது. வாக்கியத்தின் அச்சு ஒரு சான்று என்றால் பெயரின் உருவம் இன்னொரு சான்று. நம் பக்கத்து ஊர்ப்பெயர்கள் வெளி, தீவு, குளம், மலை, பற்று என்று முடிவதை மாணவர்கள் பிறந்ததிலிருந்து கேட்டு வந்திருக்கிறார்கள். அச்சும் உருவமும் ஒத்துவந்தால் உடனே ஏற்கட்டும். அச்சு மட்டும் பொருந்தினால் அடுத்த சுற்றுவரை காத்திருக்கட்டும். கிண்ணியா போன்ற பெயர்கள் அப்படித்தான் உள்ளே வர வேண்டியிருக்கும். ஒரு சுற்றில் எத்தனை புதிய பெயர்களை ஏற்கலாம் என்பதற்கு ஓர் உச்ச வரம்பும் வையுங்கள். அந்த மாணவியின் கேள்விக்கு என் பதில் இதுதான்: நிரல் எதை மறுக்கக் கற்றது என்று பாருங்கள்; அதுவே அதன் கல்வி.


பதில்: நிலாவெளி

மேலே எழுதியவர் சொன்ன எல்லாவற்றையும் ஏற்கிறேன். ஆனால் இந்த முறைகள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்காக எழுந்தவை என்பதால், தமிழில் தனியாகக் கவனிக்க வேண்டிய சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

கன்னியாகுமரி எங்கிருந்து வந்தது என்று என்னால் ஊகிக்க முடிகிறது. கன்னியாவில், கன்னியாவின், கன்னியாவுக்கு என்று வேற்றுமை உருபுகள் பெயரோடு ஒட்டி வருவதால், "கன்னியா" என்று தொடங்கும் எல்லாச் சொற்களையும் எடுத்துக்கொள்ளுமாறு மாணவர்கள் எழுதியிருப்பார்கள். தம்பலகாமத்துக்கு இந்த வழியும் உதவாது. "தம்பலகாமத்தில்" என்னும்போது இறுதி மகரம் கெட்டு அத்துச் சாரியை வந்துவிடுகிறது. சாரியையும் உடம்படுமெய்யும் ஐந்தாண்டுத் தமிழ்ப் பாடத்தில் அவர்கள் படித்தவைதாம். அதே விதிகளை நிரலுக்கும் கொடுக்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த க. சர்வேஸ்வரன் உள்ளிட்டோர் உருவாக்கி 2021இல் ஆய்விதழில் விவரித்த தமிழிமோர்ஃப் என்ற சொற்பகுப்பி, இத்தகைய விதிகளைக் கொண்டு சொல்லை வேராகவும் உருபாகவும் பிரித்துத் தருகிறது. வாக்கியங்களை முதலில் அப்படிப்பட்ட பகுப்பியின் வழியே அனுப்பிவிட்டு, பிறகு அச்சைத் தேடுங்கள். இதைச் செய்யாமல் எத்தனை சுற்று ஓட்டினாலும் பயனில்லை என்பது என் கருத்து.

அடுத்தது "போன்ற" என்ற சொல். 1992இல் மார்ட்டி ஹெர்ஸ்ட் என்ற ஆய்வாளர், ஆங்கிலத்தில் வகைப்பெயரைத் தொடர்ந்து எடுத்துக்காட்டுகளை அடுக்கும் சொற்றொடர்களைக் கொண்டு எது எதன் வகை என்று கண்டறியலாம் எனக் காட்டினார். தமிழில் வரிசை தலைகீழ்: "மூதூர், கிண்ணியா போன்ற ஊர்களில்" என்று எடுத்துக்காட்டு முன்னும் வகை பின்னும் வரும். அதைவிடப் பெரிய சிக்கல், இதே சொல்தான் நமக்கு உவம உருபு. "முத்துப் போன்ற பற்கள்" என்ற தொடரை வாசித்த நிரல், முத்து என்பது ஒரு வகைப் பல் என்று எழுதிக்கொள்ளும். "முதலிய", "உள்ளிட்ட", "ஆகிய" என்ற சொற்களில் இந்த மயக்கம் இல்லை. ஆகவே அவற்றை முதலில் நம்புங்கள். "போன்ற" வந்தால், அதன் முன் காற்புள்ளியிட்டு இரண்டு பெயர்களாவது அடுக்கப்பட்டிருந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

விதைகளையும் மறுபடி பாருங்கள். மூதூர் நமக்குக் கொட்டியாரக் குடாவின் கரையிலுள்ள ஊர். பழைய இலக்கியத்திலும் அதன் உரைகளிலும் அது பழமையான எந்த ஊரையும் குறிக்கும் பொதுச்சொல். "மதுரை மூதூர்" என்ற தொடர் ஒரு பக்கத்தில் கிடைத்தால், மதுரைக்கு உரிய செய்திகளெல்லாம் நம் மூதூரில் வந்து விழும். திருமலை என்பதும் அப்படியே: நாம் நம் நகரைச் சொல்கிறோம், இன்னொருவர் திருப்பதியைச் சொல்கிறார், மற்றொருவர் மதுரை நாயக்க மன்னரைச் சொல்கிறார். இரு பொருள் தரும் பெயர்களை விதையாக இடாமல், நிரல் சற்றுத் தேறிய பிறகு சேர்ப்பது நல்லது.

இராவணன் செய்திதான் எனக்கு மிகவும் பிடித்தது. தன் தாயின் ஈமக்கடனுக்காக அவன் ஏழு கிணறுகளை உண்டாக்கினான் என்பதை நாம் எல்லோரும் வீட்டில் கேட்டு வளர்ந்தோம். ஆனால் கேட்ட வாக்கியத்தை நினைத்துப் பாருங்கள். "உண்டாக்கினானாம்" என்றுதான் பாட்டி சொல்லியிருப்பார். தான் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் பிரித்துக் காட்டுவதற்குத் தமிழில் ஓர் இடைச்சொல்லே இருக்கிறது. எழுத்தில் அது "என்பர்", "என்பது ஐதீகம்", "என்று கூறப்படுகிறது" என்று வரும். உங்கள் நிரல் விகுதிகளை வெட்டும்போது இந்த "ஆம்" என்பதையும் வெட்டி எறிந்திருக்கலாம். அதை எறியக் கூடாது. "இராவணன் உருவாக்கியதாகச் சொல்லப்படுவது" என்பதும் நம் ஊரைப் பற்றிய ஒரு தகவல்தான். அட்டவணையில் அதற்குத் தனிப் பத்தி ஒன்று கொடுங்கள். "16ஆம் நூற்றாண்டு" என்று எண்ணோடு வரும் "ஆம்" வேறு, வினையோடு வரும் "ஆம்" வேறு என்பதை மட்டும் நிரலுக்குச் சொல்லிவிடுங்கள்.


பதில்: பாலையூற்று

இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது. சாட்ஜிபிடி போன்றவற்றின் பின்னுள்ள பெரிய மொழி மாதிரிகள் இணையத்தின் பெரும்பகுதியை ஏற்கெனவே வாசித்திருக்கின்றன. வெருகல் எங்கே இருக்கிறது என்று அவற்றிடமே தமிழில் கேட்டுவிடலாமே? மாணவர்களின் நேரமும் மிஞ்சும்.


பதில்: கொட்டியாரம்

நியாயமான கேள்வி. மொழி மாதிரியும் வாசித்துத்தான் கற்றிருக்கிறது. ஆனால் அதற்குக் கொடுக்கப்பட்ட பயிற்சி அடுத்து வரும் சொல்லை ஊகிப்பது. எந்தப் பக்கத்தில் எந்த வாக்கியத்தில் அதைக் கற்றது என்பது அதற்குள் தனியாகப் பதிவாகி நிற்பதில்லை. 2023இல் வெளியான ஓர் ஆய்வு, "இன்னார் இன்னாருடைய தாய்" என்ற திசையில் சரியாகச் சொல்லும் மாதிரி, "அந்தத் தாயின் மகன் யார்" என்று திருப்பிக் கேட்டால் பலமுறை தவறுவதைக் காட்டியது. உலகப் புகழ் பெற்றவர்களின் செய்திக்கே அந்த நிலை என்றால், இணையத்தில் சில பத்துப் பக்கங்களில் மட்டும் வரும் வெருகலைப் பற்றி அது தயங்காமல் சொல்லும் பதிலை நாம் எதை வைத்துச் சரிபார்ப்பது?

அதை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். நினைவிலிருந்து சொல்லச் சொல்லாமல், ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, "இந்த வாக்கியம் என்ன சொல்கிறது, கேள்விப்பட்டதாகச் சொல்கிறதா, நடந்ததாகச் சொல்கிறதா" என்று கேளுங்கள். அப்போது அது வாசிப்பாளராகிறது. ஆதாரம் நம் கையிலேயே இருக்கிறது. எந்த வழியில் போனாலும் ஒவ்வொரு தகவலின் பக்கத்திலும் அது வந்த வாக்கியத்தையும் பக்க முகவரியையும் வாசித்த நாளையும் சேமித்துவையுங்கள்.


கேட்டவர்: உவர்மலை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பொழுது, ஆள், கோவில், கப்பல் என்று நான்கு வகைகளைச் சேர்த்து, "போன்ற" அச்சை நீக்கி மறுபடி ஓட்டினோம். "இரவு" பட்டியலிலிருந்து தானாகவே விலகிக்கொண்டது. எந்த வகையிலும் சேராமல் இன்னும் நின்றது "நேரடியாக" என்பது மட்டும். அது வினையடை என்பதால், "ஆக" என்று முடிபவற்றைப் பெயராகக் கொள்ள வேண்டாம் என்று அந்த மாணவியே ஒரு வரி எழுதிச் சேர்த்தாள்.

இப்போது வேறொரு சிக்கல் வந்திருக்கிறது. கோணேசர் கோவிலைப் போர்த்துக்கேயர் இடித்த ஆண்டு சில பக்கங்களில் 1622 என்றும் சிலவற்றில் 1624 என்றும் இருக்கிறது. அதிகம் பேர் சொல்வதை எடுத்துக்கொள்ளும்படி மாணவர்கள் நிரலை எழுதியிருந்தார்கள். ஆனால் ஒரே ஆண்டைச் சொல்லும் பக்கங்களைத் திறந்து பார்த்தால், பலவற்றில் பத்திகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றன. ஓரிடத்தில் "ஆயிரங்கால்" என்பதற்குப் பதில் "ஆயிரங்கல்" என்று விழுந்த தட்டச்சுப் பிழைகூட அப்படியே தொடர்கிறது. இவற்றைத் தனித்தனியாக எண்ணுவது சரியாகுமா?


பதில்: கொட்டியாரம்

சரியாகாது. நீங்கள் ஆசிரியர் என்பதால் இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இரண்டு மாணவர்கள் ஒரே சரியான விடையை எழுதினால் நாம் எதுவும் நினைப்பதில்லை. இருவரும் ஒரே பிழையை ஒரே இடத்தில் எழுதினால் ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்று அறிகிறோம். 2009இல் சின் லூனா டோங் என்ற ஆய்வாளரும் வேறு இருவரும் இணையத் தகவல்களுக்கு இதே தருக்கத்தைப் பயன்படுத்தினார்கள்: பொதுவான பிழைகளே நகலெடுத்ததற்கு வலுவான சான்று, நகல்களைக் கண்டுபிடித்து அவற்றின் வாக்கைக் கழித்துவிட வேண்டும். டோங் பின்னர் முதன்மைப் பங்கு வகித்த கூகிளின் அறிவுக் களஞ்சியப் பணி 2014இல் 160 கோடிக் கூற்றுகளைத் திரட்டியபோதும், அவற்றுள் 27 கோடியே 10 இலட்சத்தை மட்டுமே 90 வீதத்துக்கு மேற்பட்ட நம்பகத்தன்மை உடையவை என்று குறித்தது.

உங்கள் அளவுக்கு எளிய வழி போதும். இரண்டு பக்கங்களில் அடுத்தடுத்து வரும் ஐந்து சொற்களின் தொடர்கள் எத்தனை பொதுவாக உள்ளன என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் பொதுவாக இருந்தால் அப்பக்கங்களை ஒரே சாட்சியாகக் கட்டிவிடுங்கள். கட்டிய பிறகு 1622க்கு எத்தனை சாட்சிகள், 1624க்கு எத்தனை சாட்சிகள் என்று பாருங்கள்.

அப்போதும் ஒன்றை அழித்து மற்றொன்றை மட்டும் வைக்கும்படி எழுத வேண்டாம். இரண்டு ஆண்டுகளையும் அவற்றுக்குரிய வாக்கியங்களோடு வைத்திருங்கள். நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்து வருகிறது. அங்கிருந்து கோணேசர் கோவிலைப் பற்றிய அச்சு நூல்கள் இரண்டு மூன்றை எடுத்து, அந்த ஆண்டு எந்தப் பக்கத்தில் எப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது என்று மாணவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள். நிரல் தயங்கி நிறுத்திய இடத்திலிருந்து அவர்கள் தொடங்கட்டும்.


கேட்டவர்: உவர்மலை

அப்படியே செய்கிறோம். பக்கங்களைச் சாட்சிகளாகக் கட்டும் வேலையை இரண்டு மாணவர்கள் நேற்றே தொடங்கிவிட்டார்கள். சனிக்கிழமை அச்சு நூல்களோடு உட்காருகிறோம். கிடைக்கும் வாக்கியங்களைப் பக்க எண்ணோடு இங்கேயே இடுகிறேன்.